‘புல் மருந்து’ என்னும் நஞ்சு: வீட்டு முற்றத்தில் களைக்கொல்லியைக் கையாளும் முறை

ஆனி, ஆடி மாதங்களின் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும் ஆண்டுக்கு இருமுறை நம் மாவட்டத்தை நனைக்கின்றன. தென்னையும் வாழையும் ரப்பரும் செழிப்பது அந்த ஈரத்தினால்தான். அதே ஈரத்தில் வீட்டு முற்றத்துக் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் குப்பைமேனியும் செழிக்கின்றன. விடுமுறைக்கு ஊர் வந்த மகனோ, விளையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரோ, “கொஞ்சம் புல் மருந்து அடித்துவிட்டால் போதும்” என்று கூறுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது.

இங்கு முதலில் கவனிக்க வேண்டியது ‘மருந்து’ என்ற சொல்லையே ஆகும். நோயாளிக்கு நாம் அளிப்பதும் மருந்து. புல்லைக் கருக்கத் தெளிப்பதும் மருந்து. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவும், ஒரே மூடியால் அளக்கவும் நம் கை தயங்குவதில்லை. களைக்கொல்லி மருந்தன்று, அது நஞ்சு. இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் உணர்ந்துவிட்டால், இக்கட்டுரையில் கூறவிருப்பவற்றில் பாதி தானாகவே நடைபெறும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தெளிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வீட்டளவில் பெருந்தீங்கு நேரும் தருணங்கள் வேறு இரண்டு. முதலாவது, புட்டியின் மூடியைத் திறந்து அளந்து நீரில் ஊற்றும் தருணம். இரண்டாவது, வேலை முடிந்தபின் மிச்சத்தை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோகும் தருணம்.

காரணம் எளியது. தெளிப்பானில் உள்ள கலவை நீர்த்தது. புட்டியில் உள்ளது செறிந்தது. லிட்டருக்கு 10 மில்லி என்ற அளவில் கலக்கப்படும் ஒரு களைக்கொல்லி, புட்டியில் ஏறத்தாழ நூறு மடங்கு செறிவுடன் இருக்கிறது. தெளிக்கும்போது கையில் படும் பத்துத் துளியும், ஊற்றும்போது கண்ணில் தெறிக்கும் ஒரு துளியும் ஒன்றல்ல.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாலையில் பணி முடிந்தது. புட்டியில் கால் பங்கு மீதி. அதன் மூடி உடைந்திருக்கிறது. ஆகவே அதனை ஒரு காலிக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிச் சாய்ப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பணியாளர் செல்கிறார். மறுநாள் கண்பார்வை மங்கிய தாத்தா தாகத்துடன் அவ்வழியே வருகிறார். அல்லது விளையாடிக் களைத்த குழந்தை வருகிறது. இங்கு யாரும் தீய எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்வு கவிழ இவ்வளவே போதுமானது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 1962இல் சந்தைக்கு வந்தது. அதைத் தவறுதலாக விழுங்கி இருவர் இறந்த செய்தி 1966ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அறுபது ஆண்டுகளாக உலகம் அறிந்த தவறு இது.

தொழில்முறையாகத் தெளிப்போரும் இதற்கு விலக்கல்லர். 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் பூச்சிக்கொல்லி தெளித்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்குத் தெளிக்கப்பட்டவை களைக்கொல்லிகள் அல்ல. எனினும் பாதுகாப்பு உடையின்றித் தெளித்ததும், பலவற்றை ஒன்றாகக் கலந்ததும் அங்கே காரணங்களாகச் சுட்டப்பட்டன. அவ்விரண்டும் நம் முற்றத்திலும் நடப்பவையே.

புட்டியில் இருப்பது எது?

‘புல் மருந்து’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு நஞ்சுகள் வீட்டுக்கு வருகின்றன. அவற்றுள் மூன்றையேனும் பிரித்தறிய வேண்டும்.

பாராகுவாட்: பட்ட பச்சையையெல்லாம் ஓரிரு நாளில் கருக்கிவிடுவது. ரப்பர், தேயிலை முதலிய தோட்டப் பயிர்களிடையே களையழிக்கப் பயன்படுவதால், மலையோரப் பகுதிகளில் தோட்டத்து மிச்சமாக வீட்டுக்கு வந்து சேரக்கூடியது. இதனை விழுங்கியவர்க்கு அளிக்கத்தக்க மாற்று மருந்து எதுவும் இல்லை. வாயும் தொண்டையும் புண்ணாகும். பின்னர்ச் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். நுரையீரல் பாதிப்பு சில நாள் கழித்தே வெளிப்படுவதால், முதல் நாள் நோயாளி எழுந்து நடமாடுவதைக் கண்டு உறவினர் ஏமாந்துவிடுகின்றனர். அண்டை மாநிலமான கேரளம் 2011இல் இதனைத் தடைசெய்தது. இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக இதனையும் வேறு சில நஞ்சுகளையும் விலக்கியது. அதன்பின் அந்நாட்டில் பூச்சிக்கொல்லியால் நேரும் இறப்புகள் குறைந்தன. வீட்டு முற்றத்துக்கு இந்நஞ்சு எவ்வகையிலும் தேவையில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கிளைபோசேட்: இலை வழியே உட்சென்று வேர்வரை பரவி, ஓரிரு வாரத்தில் செடியை அழிப்பது. பாராகுவாட்டை நோக்கக் கடுமை குறைந்தது எனினும் தீங்கற்றது அன்று. அதிக அளவில் விழுங்கப்பட்டால், அதனுடன் சேர்க்கப்பட்டிருக்கும் பரவச்செய்யும் பொருளும் உயிருக்கு ஊறு விளைவிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதனை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் இம்முடிவை ஏற்கவில்லை. கேரளம் 2019இல் இதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே இதனைப் பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே எவரும் இதனை வாங்குமுன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிதல் வேண்டும்.

2,4-டி: அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லினத்தை விட்டுவிடுவது. மேற்கூறிய இரண்டும் புல்தரையையும் சேர்த்தே அழித்துவிடும் என்பதைப் பலர் தெளித்தபின்னரே அறிகின்றனர். 2,4-டி புல்லைக் காத்தாலும், காற்றில் பரவினால் அடுத்த வீட்டு வெண்டையையும் கத்தரியையும் பூச்செடிகளையும் சுருளச் செய்துவிடும்.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு புட்டியிலும் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு எனில் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள் எனில் கடுமையான நஞ்சு. நீலம் எனில் நடுத்தரம். பச்சை எனில் அவற்றினும் குறைந்தது. பச்சை என்பது ‘பாதுகாப்பானது’ என்று பொருள்படாது. அதுவும் நஞ்சின் ஒரு படியே. நம் நாட்டில் பாராகுவாட் மஞ்சள் குறியுடன் விற்கப்படுகிறது. லேபிள் இல்லாத புட்டியையும், கடையில் சில்லறையாக ஊற்றித் தரப்படுவதையும் எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது. எந்தப் பயிருக்கு, எந்த இடத்துக்கு உரியது என்பது லேபிளில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் தேவை அதில் இல்லையெனில் அப்பொருள் உங்களுக்குரியதன்று.

கலக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

களைக்கொல்லி உண்மையில் தேவையா? ஐந்து, பத்து சென்ட் மனையில் பெரும்பாலும் தேவையில்லை. மழை பெய்து மண் இளகிய மறுநாள் காலையில் கையால் பிடுங்கினால் களைகள் வேரோடு வரும். பூத்து விதை விழுமுன் பிடுங்கிவிட்டால் அடுத்த பருவத்தின் வேலை பாதியாகக் குறையும். கோரைக்கு மண்ணடியில் கிழங்கு உண்டு. மேலே பிடுங்கினால் மீண்டும் முளைக்கும். களைக்கொத்தியால் கிழங்குடன் தோண்டி எடுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதனைத் தொடர்ந்தால் கிழங்கு வலுவிழக்கும். நடைபாதைக் கற்களின் இடுக்கிலுள்ள புல்லுக்குக் கொதிநீர் போதும். மரங்களின் அடியில் சருகும் தென்னை மட்டையும் பரப்பினால் வெயில் படாமல் களை முளைப்பது குறையும். புல்தரையை ஒட்ட வெட்டாமல் சற்று உயர்த்தி வெட்டினால் புல் அடர்ந்து களைக்கு இடம் கொடாது.

வீட்டில் கருவுற்ற பெண், கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி, அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர் ஆகியோருள் எவரேனும் இருப்பின், கைக்களையெடுப்பு ஒன்றையே பரிந்துரைக்கிறோம்.

அளவைக் கணக்கிடுதல்

இவற்றுக்குப் பின்னரும் தெளிக்க நேருமாயின், தேவையான அளவுக்கு மட்டுமே கலக்க வேண்டும். மிச்சம் இல்லையெனில் மிச்சத்தால் வரும் விபத்தும் இல்லை.

பொதுவாக ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்பது கைத்தெளிப்பானுக்குரிய கணக்கு. ஓர் ஏக்கர் 100 சென்ட் ஆதலால், ஒரு சென்ட்டுக்கு 2 லிட்டர் ஆகிறது. களை உள்ள இடம் மூன்று சென்ட் எனில் 6 லிட்டர் கலவை போதும். லேபிளில் லிட்டருக்கு 10 மில்லி என்றிருந்தால், 6 லிட்டருக்கு 60 மில்லி. அதற்குமேல் ஒரு துளியும் வேண்டியதில்லை. முதல் முறை தெளிப்பவர்கள் வெறும் நீரை நிரப்பி ஒரு சென்ட் இடத்தில் தெளித்து, எவ்வளவு செலவாகிறது என்று அளந்துகொள்வது நன்று. அவரவர் நடையின் வேகத்துக்கேற்ப இது மாறும்.

‘இரட்டிப்பு ஊற்றினால் இரட்டிப்புப் பலன்’ என்பது தவறான எண்ணம். கிளைபோசேட் போன்றவை வேர்வரை செல்ல இலை சில நாள் உயிருடன் இருக்க வேண்டும். அளவு மிகுந்தால் செலவும் தீங்கும் மிகுமேயன்றிப் பயன் அவ்வாறு மிகுவதில்லை. கலங்கல் நீரில் கலந்தால் பாராகுவாட், கிளைபோசேட் ஆகியவை களிமண்ணோடு ஒட்டி வலுவிழக்கும். கடலோரப் பகுதிகளின் உப்புக் கலந்த கடினநீரும் கிளைபோசேட்டின் வலுவைக் குறைக்கும். பலன் தெரியாதபோது நாம் நஞ்சைக் கூட்டுகிறோம். மாற்ற வேண்டியதோ நீரைத்தான். தெளிந்த நன்னீரையே பயன்படுத்துக.

கலக்கும் முறை

திறந்தவெளியில், கிணற்றுக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், குழந்தைகளும் கோழி, ஆடு முதலியனவும் வாராத இடத்தில் கலக்க வேண்டும். அடுக்களையிலும் குளியலறையிலும் கலக்கலாகாது. நம் ஊர்களில் பல வீடுகளுக்கு மனைக்குள்ளேயே கிணறு உண்டு. நீர் எடுக்க வசதி என்று கிணற்றடியில் வைத்துக் கலப்பது, குடிநீரில் நஞ்சு சேர வழி திறந்துவிடுவதாகும்.

புட்டியைத் திறக்குமுன்பே முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை, ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், மூடிய காலணி ஆகியவற்றை அணிக. துணிக் கையுறை நஞ்சை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும்; அது வெறுங்கையினும் தீது. பிறகு,

1. தெளிப்பானில் முதலில் பாதியளவு நீரை ஊற்றுக. நஞ்சை முதலில் ஊற்றி மேலே நீரை விட்டால் நுரைத்துத் தெறிக்கும்.

2. இதற்கென்றே ஒதுக்கிய அளவுக்குவளையால் அளக்க. சாப்பாட்டுக் கரண்டியும், இருமல் மருந்தின் மூடியும் கூடா. குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடியாமல், இடுப்புக்குக் கீழே தரையில் வைத்துக் குனிந்து பார்த்து ஊற்றுக.

3. காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, அளந்ததை மெதுவாக நீரில் சேர்க்க. குவளையை இருமுறை கழுவி அந்நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றுக.

4. மீதி நீரை நிரப்பி மூடியை இறுக்கி மெல்ல அசைக்க. கையைவிட்டுக் கலக்காதீர்.

5. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கிளைபோசேட்டைக் கலக்கலாகாது. அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு உண்டாகும். பிளாஸ்டிக் கலமே ஏற்றது.

6. மண்ணெண்ணெய், உப்பு, சலவைத்தூள், வேறொரு பூச்சிக்கொல்லி என எதையும் லேபிள் கூறாமல் சேர்க்காதீர்.

தெளிக்கும்போது காற்றையும் வானையும் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் வலிமையுடையது. அக்காலங்களில் தோவாளைப் பக்கத்தார் தெளிப்பதைத் தவிர்ப்பதே நலம். மற்ற ஊர்களிலும் காற்று அடங்கிய காலை வேளையே ஏற்றது. அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் மழை வரும் எனில் தெளிக்க வேண்டாம். நஞ்சு களையில் நில்லாமல் வாய்க்காலுக்குச் செல்லும். வீட்டுச் சன்னல்களை மூடி, காயவைத்த துணிகளையும் ஆடு, கோழிகளையும் அகற்றி, அடுத்த வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரிவிக்கவும். குழாயின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர், நீரில் கழுவுக. இடையில் வெற்றிலை போடுவதும் புகைப்பதும் தேநீர் அருந்துவதும் கூடா.

முடிந்தபின் சோப்பிட்டுக் குளித்து, அணிந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். தெளித்த இடம் நன்கு உலரும்வரை குழந்தைகளை அங்கே விடலாகாது.

மிச்சமும் காலிப் புட்டியும்

கலவை மிஞ்சினால் அதே களைகளின்மீதே தெளித்து முடித்துவிடுக. சாக்கடையிலும் குளத்திலும் ஊற்றாதீர். புட்டியில் மீதமுள்ள செறிந்த நஞ்சு அதே புட்டியில், அதே லேபிளுடன், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் அடுத்த புட்டியைத் தேடாமல், வாங்கிய கடையை அணுகுக. காலிப் புட்டியை மூன்றுமுறை கழுவி, அந்நீரைத் தெளிப்பானிலேயே சேர்த்துவிட்டு, புட்டியில் துளையிட்டுவிடுக. எண்ணெய்க்கும் நீருக்கும் அது மீண்டும் பயன்படலாகாது.

பூட்டு குழந்தைகளுக்காக மட்டுமன்று. மறதி நோயுற்ற முதியோரும், மனச்சோர்வுற்றோரும் நம் வீடுகளில் உள்ளனர். தாங்கொணாத் துயரம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடியது; அந்நேரத்தில் கையெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும். வீட்டில் எவரேனும் மனம் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், வீட்டில் எந்த நஞ்சையும் வைத்திராதீர். அவரோடு மனம்விட்டுப் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

விபத்து நேர்ந்தால்

தோலில் பட்டால்: உடையை உடனே களைந்து, சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுக. உதவுபவரும் கையுறை அணிய வேண்டும்.

கண்ணில் பட்டால்: இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தூயநீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிப் பின் மருத்துவமனைக்கு வருக. எண்ணெய், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடாதீர்.

விழுங்கிவிட்டால்: வாந்தியெடுக்கச் செய்யாதீர். உப்புக்கரைசல், புளிக்கரைசல், பச்சை முட்டை, பால் எதையும் கொடுக்காதீர். அவை மூச்சுக்குழலுக்குள் சென்றால் இரண்டாவது ஆபத்தாகும். உணர்விழந்திருந்தால் இடப்பக்கமாகப் படுக்கவைத்து, மூச்சு தடைபடாமல் பார்த்துக்கொள்க. 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருக. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம். ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்கலாகாது.

புட்டியை லேபிளுடன் எடுத்துவர மறவாதீர். எந்த நஞ்சு என்று தெரிவது சிகிச்சையின் முதற்படி. எப்பொழுது, ஏறத்தாழ எவ்வளவு என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. அச்சத்தாலோ வெட்கத்தாலோ உண்மையை மறைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் வாய்ப்பைக் குறைக்கிறது. “இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்” என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருப்பது, குறிப்பாகப் பாராகுவாட்டைப் பொறுத்தவரை, பெரும் பிழையாகும்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு செயலைச் செய்யுமாறு வேண்டுகிறோம். எழுந்து சென்று உங்கள் சாய்ப்பையும் தொழுவத்தையும் மாடிப்படியின் அடியையும் ஒருமுறை பாருங்கள். லேபிள் இல்லாத புட்டி, குளிர்பானப் புட்டியில் நிறம்மாறிய நீர், என்றோ வாங்கி மறந்த நஞ்சு ஆகியவற்றுள் எதுவேனும் கண்ணில் பட்டால், முகர்ந்து பார்க்காமல், கையுறையுடன் எடுத்துப் பூட்டி வையுங்கள். அதனை எவ்வாறு அகற்றுவது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். முற்றத்தில் நாலு புல் கூடுதலாக முளைத்திருப்பதால் எவருக்கும் எக்கேடும் வாராது.